‘அவர்கள் நடிக்கவில்லை’ என்னும் பாராட்டு

திரைப்படங்கள் உருவான விதம் பற்றிய துணுக்குச் செய்திகள் பெரும்பாலும் தீங்கற்றவை. நாயகனுக்கு அன்று காய்ச்சல் இருந்தது, எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது, நாய் சொன்னபடி கேட்கவில்லை என்ற அளவில் அவை நின்றுவிடும். ஆனால் பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட படங்களைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட துணுக்கு திரும்பத் திரும்ப வலம்வருகிறது: ‘இந்தப் பிள்ளைகள் நடிக்கவே இல்லை, அவர்கள் அவர்களாகவே இருந்தார்கள்.’ பாராட்டாகச் சொல்லப்படும் இந்த வாக்கியம் ஒருவர் செய்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்ட, 2008இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

லோரான் கான்தே இயக்கிய அப்படத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்குச் ‘சுவர்களுக்கு இடையே’ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘தி கிளாஸ்’ என்ற பெயரில் அறியப்பட்டது. அதன் மூலம், பிரெஞ்சு மொழி ஆசிரியராகப் பணியாற்றிய ஃபிரான்சுவா பெகோதோ 2006இல் வெளியிட்ட நாவல். படத்தில் ஆசிரியராக வருபவரும் அவரே. ஷான் பென் தலைமையிலான நடுவர் குழு ஒருமனதாக அதற்குக் கேன்ஸ் விழாவின் தங்கப்பனை விருதை அளித்தது. 1987இல் மொரிஸ் பியாலாவின் படத்துக்குப் பிறகு, இருபத்தோர் ஆண்டுகள் கழித்து அவ்விருதைப் பெற்ற பிரெஞ்சுப் படம் இதுதான். கல்வியியல் துறைகளிலும் திரைப்படக் கழகங்களிலும் இன்றும் திரையிடப்படுகிறது. திரையிடலுக்கு முன் அறிமுகம் செய்பவர் வழக்கமாக மூன்று செய்திகளைச் சொல்வார். மாணவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அவர்கள் கையில் திரைக்கதை கொடுக்கப்படவில்லை. அவர்கள் தங்களையே திரையில் காட்டினார்கள். இவற்றுள் முதலாவது உண்மை. இரண்டாவதும் உண்மையே, ஆனால் விளக்கம் தேவைப்படும் உண்மை. மூன்றாவது பொய்.

படத்தின் தயாரிப்பு முறை இதைத் தெளிவாகவே காட்டுகிறது. பாரிஸின் இருபதாம் வட்டத்தில் உள்ள ஃபிரான்சுவாஸ் தோல்தோ நடுநிலைப் பள்ளியில் 2006 நவம்பரில் ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கப்பட்டது. பிரெஞ்சு நடுநிலைப் பள்ளிகளில் புதன்கிழமைப் பிற்பகல் பொதுவாக வகுப்பில்லா நேரம். அந்தப் பிற்பகல்களில் விருப்பமுள்ள பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் வரலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது பேர் வந்தனர். சிலர் ஓரிரு வாரங்களில் நின்றுவிட்டனர். கல்வியாண்டின் இறுதிவரை தொடர்ந்து வந்த சுமார் இருபத்தைந்து பேரே படத்தின் வகுப்பறையில் அமர்ந்திருப்பவர்கள். ஆகவே இங்கு நடந்தது வழக்கமான நடிகர் தேர்வு அன்று. வாரம்தோறும் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்துப் பல மாதங்கள் பயின்றவர்கள் எஞ்சினார்கள். ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி ஒத்திகை பார்த்தவர்களை ‘நடிக்கத் தெரியாதவர்கள்’ என்று அழைப்பதாயின், நாடகக் குழுக்கள் பலவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டவேண்டியிருக்கும்.

கோடையில் அப்பள்ளியில் கட்டடப் பணி நடந்ததால் படப்பிடிப்பு வேறொரு பள்ளிக் கட்டடத்தில் நிகழ்ந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். தலைப்பில் உள்ள சுவர்கள்கூட அந்த மாணவர்களுடையவை அல்ல.

குழப்பத்தின் வேர் பெயர்களில் இருக்கிறது. மாணவர்கள் பலர் தம் சொந்த முதற்பெயரையே கதாபாத்திரத்துக்கும் வைத்துக்கொண்டனர். எஸ்மெரால்தா எஸ்மெரால்தாவாகவும், வெய் வெய்யாகவும், லூயிஸ் லூயிஸாகவும் வருகின்றனர். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவரே என்று பார்வையாளர் கருதிவிடுகிறார். ஆனால் கதையின் முழுப் பாரமும் தங்கியிருக்கும் மாணவன் சுலைமான். ஆசிரியரோடு மோதி, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, பள்ளியிலிருந்து நீக்கப்படுபவன். அந்த வேடத்தைத் தாங்கியவர் ஃப்ராங்க் கெய்த்தா. இயல்பில் மென்மையானவர், அமைதியானவர் என்று இயக்குநராலேயே விவரிக்கப்பட்டவர். அந்த முரட்டுத்தனம் உடை, நடை, பேச்சுமுறை என்று ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டது. ஆசிரியரை எதிர்த்து வாசிக்க மறுக்கும் கும்பாவாக வருபவர் ராஷெல் என்னும் மாணவி. கறுப்புடை அணிந்து, தனக்கான தனிப்பாணியை வகுப்பில் நியாயப்படுத்திப் பேசும் ஆர்த்தர், நிஜவாழ்வில் அப்படி உடுத்தியவர் அல்லர். அத்தகைய ஒரு மாணவன் கதையில் தேவை என்றபோது தாமாக முன்வந்து அந்த வேடத்தை ஏற்றவர். பெற்றோர் வேடங்களில் வருபவர்கள் பெரும்பாலும் அந்த மாணவர்களின் உண்மையான பெற்றோரே. சுலைமானின் தாயாக வருபவர் மட்டும் ஃப்ராங்கின் தாய் அல்லர். நிஜத்திலிருந்து மிகத் தொலைவில் அமைக்கப்பட்ட பாத்திரத்துக்குத் தாயையும் புனையவேண்டியிருந்தது.

பார்வையாளர்களுள் பெரும்பாலோர் ‘இவன் நிச்சயமாக இப்படிப்பட்டவன்தான்’ என்று நம்பிவிடுவது யாரை என்று கவனித்தால், அது பெரும்பாலும் சுலைமானையே. மாலியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் கறுப்பினச் சிறுவன் வகுப்பில் கோபப்படுவது நடிப்பாக இருக்கலாம் என்ற ஐயமே எழாத ஒரு பார்வைப் பழக்கம் இதன் பின்னால் இருக்கிறது. துணுக்குச் செய்தி அந்தப் பழக்கத்துக்குச் சான்றிதழ் வழங்குகிறது.

அடுத்து, திரைக்கதை தரப்படவில்லை என்ற செய்தி. கான்தே, பெகோதோ, படத்தொகுப்பாளருமான ரொபன் காம்பியோ ஆகிய மூவரும் எழுதிய திரைக்கதை ஒன்று இருந்தது. மாணவர்கள் அதைப் படிக்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் சூழலும், சிலருக்கு மட்டும் சில குறிப்புகளும் சொல்லப்பட்டன. வகுப்பறைக்குள் காட்சி எத்திசையில் போகவேண்டும் என்பதை அறிந்தவர் ஆசிரியர் வேடத்தில் நின்ற பெகோதோ. கேள்விகளாலும் குறுக்கீடுகளாலும் உள்ளிருந்தே அவர் காட்சியை நடத்தினார். மூன்று உயர்தெளிவு எண்முறைக் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று ஆசிரியர்மீது, ஒன்று பேசும் மாணவர்மீது, மூன்றாவது அடுத்து எங்கே எதிர்வினை வெடிக்கும் என்று காத்திருந்து பிடிப்பதற்காக. முதல் எடுப்பு நீளமாக, கட்டற்று ஓடும். பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். இயக்குநர் சிலவற்றைத் தேர்ந்து, சிலவற்றைக் குறைத்து, மீண்டும் செய்யச் சொல்வார். மாணவர்கள் அதே வாதத்தை, அதே சூட்டோடு, ஏறத்தாழ அதே சொற்களில் மீண்டும் நிகழ்த்தினர். ஒருமுறை தன்னியல்பாகக் கோபப்படுவது எவருக்கும் இயலும். மூன்றாம் முறையும் முதல்முறை போலவே கோபப்படுவதற்குத் தமிழில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு.

இது புதிதும் அன்று. 1959இல் வெளிவந்த ஃபிரான்சுவா த்ருஃபோவின் ‘நானூறு அடிகள்’ படத்தில், சீர்திருத்தப் பள்ளியின் உளவியலாளர் சிறுவனை விசாரிக்கும் காட்சி உலகப்புகழ் பெற்றது. அதில் கேள்விகளைக் கேட்டவர் த்ருஃபோவே. பின்னர் அவர் குரலின் இடத்தில் ஒரு பெண்குரல் வைக்கப்பட்டது. ழான்-பியேர் லியோவுக்கு வசனம் தரப்படவில்லை, பதில்கள் அவருடையவை. ஆனாலும் லியோ ‘நடிக்கவில்லை’ என்று இன்று எவரும் எழுதுவதில்லை. அவர் பிற்காலத்தில் பெரிய நடிகரானார். அந்தப் பிற்காலம் முன்தேதியிட்டு அவருடைய பதினான்கு வயதுக்கும் நடிகர் பட்டத்தை வழங்கிவிட்டது. கான்தேயின் வகுப்பறையிலிருந்து லூயிஸ் க்ரீன்பெர்க் தொடர்ந்து நடிக்கச் சென்றார், 2011இல் ‘பதினேழு பெண்கள்’ படத்தில் முக்கிய வேடம் ஏற்றார். அவர் அருகில் அமர்ந்து அதே வேலையைச் செய்துவிட்டுப் பிறகு வேறு வாழ்க்கைக்குச் சென்றவர்கள் மட்டும் ‘தங்களாகவே இருந்தவர்கள்’ ஆகிவிட்டனர்.

மொழியியல் மாணவர்களுக்கு இப்படம் தனிச்சிறப்புடையது என்பதற்குக் காரணம், ஏறத்தாழ எல்லாச் சண்டையும் இதில் இலக்கணச் சண்டையாக நடப்பதுதான். ஒரு சொல்லை விளக்க ஆசிரியர் கரும்பலகையில் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுகிறார். அதில் வரும் ஆள் ‘பில்’. ஏன் எப்போதும் இத்தகைய பெயர்கள், ஏன் ஒருமுறைகூட எங்களில் ஒருவரின் பெயர் இல்லை என்று மாணவியர் கேட்கின்றனர். ஆசிரியர் முதலில் சிரித்து மழுப்புகிறார். பின்னர் அவர்கள் சொன்ன ‘ஐசத்தா’ என்ற பெயரை எழுதவேண்டிவருகிறது. இலக்கண நூலின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் யார் எழுவாயாகிறார், யார் ஆவதில்லை என்பது பற்றி எழுதப்படும் கட்டுரைகள் சொல்லவரும் செய்தி அந்த இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு காட்சியில் இறந்தகால விழைவு வினைவடிவம் வருகிறது. பேச்சில் அறவே வழக்கிழந்து, உயர் எழுத்துநடையில் மட்டும் எஞ்சியிருக்கும் வடிவம் அது. யார் இப்படிப் பேசுகிறார்கள் என்று வகுப்பு கேட்கிறது. பகட்டுக்காரர்கள்தாம் என்று ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். எந்த வடிவம் பேச்சுக்கு, எந்த வடிவம் எழுத்துக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி எழும்போது, உள்ளுணர்வு என்பதைத் தவிர அவரிடம் விடையில்லை. எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் இரு கைகளில் ஏந்தி வளரும் எவருக்கும் இந்தக் கேள்வியின் கூர்மையை விளக்கவேண்டியதில்லை. அந்த உள்ளுணர்வு பிறப்பில் வருவதன்று, வீட்டில் வருவது. வீட்டில் வராதவனிடம் அதைப் பள்ளி விடையாகச் சொல்லும்போது, வாசல் எங்கே என்று கேட்டவனிடம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று சொன்னதாகிறது.

கதையின் திருப்பமும் ஒரு சொல்லால் ஏற்படுகிறது. மதிப்பீட்டுக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்த இரு மாணவப் பிரதிநிதிகளின் நடத்தையை ஆசிரியர் பெண்களை இழிவுபடுத்தும் ஒரு கொச்சைச் சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறார். மாணவியர் கொதிக்கின்றனர். அவர் முதலில் செய்வது அவர்களுடைய வினைச்சொல்லைத் திருத்துவது: ‘அவமதித்தல்’ என்னும் வினை அந்த முன்னிடைச்சொல்லை ஏற்காது, அதற்கு வேறு வினை உண்டு என்கிறார். அடுத்து, உங்களை அப்படி அழைக்கவில்லை, உங்கள் நடத்தை அப்படி இருந்தது என்றேன் என்று பொருண்மையியல் வாதம் வைக்கிறார். இலக்கணம் இங்கே தப்பிக்கும் வழி. மாணவர்களுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

சண்டையின் உச்சத்தில் சுலைமான் ஆசிரியரை மரியாதைப் பன்மையை விட்டு ஒருமையில் விளிக்கிறான். ஆசிரியர் அதைக் கண்டிக்கிறார், தாம் மாணவரை எப்போதும் ஒருமையில் விளிப்பவராக இருந்துகொண்டே. 1960இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் அதிகாரத்தின் இடப்பெயர், நெருக்கத்தின் இடப்பெயர் என்று பகுத்துக் காட்டிய சமச்சீரின்மைக்கு இதைவிடத் தெளிவான திரைச்சான்று இல்லை. ஆங்கிலத் துணையுரையில் அது மறைந்துவிடுகிறது, இரண்டும் அங்கே ஒரே சொல். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற இணையுடைய மொழியில் துணையுரை அமைந்தால் அக்காட்சியின் அதிர்ச்சி சிந்தாமல் வந்துசேரும். இந்தியத் திரையிடல்களில் ஏன் ஆங்கிலத் துணையுரையோடே நிறைவடைகிறோம் என்பது வேறொரு புலம்பல்.

இத்தனை மொழிப்பூசலை யாரும் கவனிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. மெய்யியலாளர் அலன் ஃபின்கில்க்ரோ, படம் பிரெஞ்சுத் திரையரங்குகளுக்கு வருவதற்கு மூன்று மாதங்களுக்கும் மேலாக முன்பே, 2008 ஜூன் மாதத்தில் ‘லெ மோந்த்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். இறந்துபோன தொடரியலுக்குத் தங்கப்பனை என்பது அதன் தலைப்பின் பொருள். தொடரியல் இறந்துவிட்டது என்னும் முடிவுக்கு, வினைக்குப் பின் எந்த இடைச்சொல் வரும் என்று முப்பது பேர் தொண்டை கிழியச் சண்டையிடும் ஒரு படத்தைச் சான்றாக்கியது விந்தை. எஸ்மெரால்தாவின் வாக்கியம் அகராதி ஏற்காத அமைப்பாக இருக்கலாம், ஆனால் அமைப்பில்லாத வாக்கியம் அன்று. வழக்கு மாறும்போது வினை தன் ஏற்புத்திறனை மாற்றிக்கொள்வது எல்லா மொழிகளிலும் நிகழ்வது. ஃபின்கில்க்ரோவும் ஒரு வகையில் அந்தத் துணுக்குச் செய்தியின் வாசகரே. பிள்ளைகள் இப்படித்தான் பேசுகிறார்கள், அதை அப்படியே பதிவுசெய்துவிட்டார்கள் என்று அவரும் நம்பினார். ரசிகர் அதற்காக மெச்சினார், அவர் அதற்காக வருந்தினார். திரையில் கேட்பது தேர்ந்து, திரும்ப நிகழ்த்தி, தொகுக்கப்பட்ட பேச்சு என்பதை இருவரும் காணவில்லை.

பேச்சைப் பதிவுசெய்வது பற்றி மொழியியலுக்குச் சொந்தமாக ஒரு கதை உண்டு. வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய, தரப்படாத ஆங்கிலத்தின் தருக்கம் பற்றிய கட்டுரையில் ஹார்லெமைச் சேர்ந்த லியோன் என்னும் எட்டு வயதுச் சிறுவன் வருகிறான். நேர்காணலில் ஓரசைச் சொற்களே பதிலாக வந்தன. மொழிவளமற்ற பிள்ளை என்று முத்திரை குத்துவதற்கு அக்காலக் கல்வி உளவியலாளர்களுக்கு அது போதும். அடுத்தமுறை நேர்காண்பவர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு வந்தார், சிறுவனின் நண்பனையும் அழைத்துவந்தார், தரையில் அமர்ந்தார், வழக்கமாகப் பேசத் தகாத சொற்களைப் பேச்சில் கொண்டுவந்தார். லியோன் இடைவிடாமல் பேசினான். லபோவ் அதிலிருந்து எடுத்த முடிவு, சூழலின் அதிகாரம் மாறாமல் பேச்சு வராது என்பது. கான்தேயின் புதன்கிழமைப் பட்டறை அந்த வறுவல் பொட்டலத்தின் நீண்ட வடிவம். நாற்காலியில் அமர்ந்திருந்த லியோனும் தரையில் அமர்ந்திருந்த லியோனும் ஒரே சிறுவன், எது அவன் ‘தானாக’ இருந்த நேரம் என்று கேட்டால் விடையில்லை. இரண்டும் அவன் எதிரில் இருந்தவருக்காக நிகழ்த்தியவை.

இது வெறும் கலைவிவாதமாக நின்றுவிடாமல் பணத்தையும் உரிமையையும் தொட்ட ஒரு வழக்கு அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. 2002இல் நிக்கொலா ஃபிலிபேர் எடுத்த ‘இருத்தலும் உடைத்தலும்’ என்னும் ஆவணப்படம், ஓவேர்ஞ் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பல வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்த ஆசிரியர் ழோர்ழ் லோபேஸைப் பற்றியது. படம் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. லோபேஸ் 2,50,000 யூரோ கோரி வழக்குத் தொடுத்தார். பாடம் என்னுடையது, குரல் என்னுடையது, ஆகவே நானும் ஆக்கியோருள் ஒருவன் என்பது அவர் வாதம். 2004இல் பாரிஸ் நீதிமன்றம் மறுத்தது, மேல்முறையீடும் தோற்றது. 2008 நவம்பர் 13 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. அவர் படைப்பாளரும் அல்லர், கலைஞரும் அல்லர். ஏனெனில் தம் தொழிலின் நிஜத்தில் மட்டும் தோன்றினார், எந்த வேடத்தையும் ஏற்று நடிக்கவில்லை. கான்தேயின் படம் அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

அந்தத் தீர்ப்பு ஆவணப்படத்துக்கு உரியது. புனைகதைப் படத்தில் வேடம் ஏற்றவர்களுக்கு நேரே பொருந்தாது. லோபேஸின் கோரிக்கை மிகையானது என்று அன்று பலர் முகம்சுளித்ததும் உண்டு. எனினும் தீர்ப்பின் மையத்தில் உள்ள வாக்கியத்தைச் சற்று மாற்றினால் நம் துணுக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது. ‘அவர் அவராகவே இருந்தார்’ என்பது திரைக்கழகத்தில் புகழுரை, நீதிமன்றத்தில் உரிமை மறுப்பின் காரணம். ஆகவே அந்தப் பாராட்டைச் சொல்பவர்கள் எதை எளிதாக வழங்கிவிடுகிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

பெகோதோவை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் முரண் இன்னும் துலங்கும். படத்திலுள்ளவர்களுள் தம் நிஜவாழ்வுக்கு மிக அருகில் நின்றவர் அவர்தான். ஆசிரியராக இருந்தவர், ஆசிரியராகவே வந்தார். அவர் பாத்திரத்தின் முதற்பெயரும் ஃபிரான்சுவாதான். முன்பின் திரைநடிப்புத் தொழில் அறியாதவர். ‘அவராகவே இருந்தார்’ என்ற வாக்கியம் யாருக்கேனும் பொருந்துமெனில் முதலில் அவருக்கே பொருந்தவேண்டும். ஆனால் அவர் நாவலாசிரியர், திரைக்கதையாசிரியர், நடிகர் என்று மூன்று இடங்களில் பெயர் பெற்றார். தழுவல் திரைக்கதைக்கான சேசார் விருது 2009இல் கான்தே, பெகோதோ, காம்பியோ மூவருக்கும் கிடைத்தது. விருதுக்குரிய அந்த உரையாடலின் கணிசமான பகுதியை வகுப்பறையில் அந்தந்தக் கணத்தில் உருவாக்கியவர்கள் கேன்ஸ் மேடையில் இயக்குநரைச் சூழ நின்று கைதட்டல் பெற்றார்கள். எழுத்தாளர் பட்டியலில் அவர்கள் இல்லை.

இதற்கு மறுப்பும் உண்டு, அது வலுவான மறுப்பே. விவாதக் காட்சிகளின் எலும்புக்கூடு நாவலிலேயே இருக்கிறது. சுலைமானின் நீக்கம் பற்றிய கதையோ கான்தே பெகோதோவைச் சந்திப்பதற்கு முன்பே மனத்தில் வைத்திருந்தது. மாணவர்கள் அந்தச் சட்டகத்துக்குள்தான் பேசினார்கள், அவர்களை எழுத்தாளர் என்பது மிகை. சரி. ஆனால் நாவலின் உரையாடல்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு படி பின்னே சென்று கேட்டால், அங்கேயும் ஒரு வகுப்பறை இருக்கிறது. பெகோதோவிடம் உண்மையில் படித்த பிள்ளைகள், அவரோடு உண்மையில் வாதிட்டவர்கள். அவர்களின் பேச்சு ஆசிரியரின் காதுவழியே நாவலாயிற்று, நாவல் திரைக்கதையாயிற்று, வேறொரு பள்ளியின் பிள்ளைகள் அதைப் படிக்காமலே மீண்டும் பேச்சாக்கினர். இரு தலைமுறை மாணவர்களுக்கு நடுவே பெயர் பெற்றவர் ஒருவரே. முதல் வகுப்பின் பிள்ளைகள் துணுக்குச் செய்தியில்கூட இடம்பெறவில்லை.

இதை வாசிக்கும் ஆய்வாளர்கள் பாரிஸைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட இயலாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் ஆய்வேடுகளில் பின்னிணைப்பு அட்டவணைகளைப் புரட்டினால் ‘தகவலாளி 7, பெண், 14 வயது, எட்டாம் வகுப்பு’ என்ற வரிசைகள் தென்படும். அந்த ஏழாம் எண் ஒரு கதையைச் சொல்லியிருப்பாள். ஒலிவாங்கி சரியில்லை என்று இரண்டாம் முறையும் சொல்லியிருப்பாள். இயல்பாகப் பேசு என்று கேட்டுக்கொள்ளப்பட்டபோது, இயல்பாகப் பேசுவது போலப் பேசிக் காட்டியிருப்பாள். ஆய்வேட்டில் அது ‘இயற்பேச்சுத் தரவு’ ஆகும். பெயரை மறைப்பது அவளுடைய பாதுகாப்புக்காக என்பது பல இடங்களில் உண்மை. நெறிமுறைக் குழுக்கள் அதைக் கோருவதும் முறையே. ஆனால் பெயரை வெளியிடலாமா என்று அவளிடமோ அவள் பெற்றோரிடமோ கேட்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. ‘தரவு’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டது என்றே பொருள். தந்தவர் யார் என்னும் கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, எனினும் ‘தரவு திரட்டப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதிப் பழகிவிட்டதால் அது காதில் விழுவதில்லை. அழிந்துவரும் மொழிகளை ஆவணப்படுத்தும் துறையில், கதை சொன்னவரை அவர் விருப்பத்தோடு இணையாசிரியராகச் சேர்க்கும் வழக்கம் வளர்ந்துவருகிறது. வகுப்பறைப் பேச்சை ஆராய்பவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

படத்தின் பிற்பகுதியில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுகிறது. சுலைமானின் தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் தம் மொழியில் மகனைப் பற்றிப் பேசுகிறார்: வீட்டில் உதவுபவன், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்பவன், நல்ல பிள்ளை. அதை மொழிபெயர்க்க அந்த அறையில் அவனைத் தவிர ஆளில்லை. குற்றம் சாட்டப்பட்டவனே தன் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளனும் ஆகிறான். தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தன் வாயால், தன்னை வெளியேற்றப்போகிறவர்களின் மொழியில் சொல்லவேண்டும். அவன் தயங்குகிறான், கண்ணைத் தாழ்த்துகிறான், வற்புறுத்தப்பட்டபின் தாய் சொன்னதைவிடக் குறைவாகச் சொல்கிறான். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் நாள்தோறும் செய்யும் வேலை அது. சமூகமொழியியலில் அதைப் பற்றித் தனி ஆய்வுப்புலமே உண்டு. அக்காட்சியில் சொற்கள் மிகச்சில. வேலை முழுதும் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. அருகில் அமர்ந்திருக்கும் பெண்மணி அந்த நடிகரின் தாய் அல்லர், அந்தக் குற்றம் அவர் செய்ததன்று, அந்தக் கோபமும் அவருடையதன்று. படத்தின் இறுதிப் பெயர்வரிசையில் சுலைமான் என்ற பெயருக்கு நேரே ஃப்ராங்க் கெய்த்தா என்று இருக்கிறது. திரையிடலுக்கு முன் அறிமுகம் செய்பவர்கள் அந்தப் பெயரையாவது சொல்லலாம்.